நாய்ப் பெரட்டு

தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாய்கள் வரிசையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டம். மாசியா பங்குனியா என்று சரியாக நினைவில்லை. பனி விலகி, வெயில் முதுகில் இதமாகக் காய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆப்பீசுக்கு முன்னால் இருந்த களத்தில் முப்பது நாற்பது நாய்கள். சணலில் கட்டியவை, மாட்டுக் கயிற்றில் கட்டியவை, பழைய சேலைக் கிழிசலில் கட்டியவை. ஒருத்தி கொழுந்துக் கூடையின் கயிற்றையே அவிழ்த்து நாயின் கழுத்தில் போட்டிருந்தாள். களமெங்கும் பினாயில் வாடையும் ஈர மயிர் வாடையும்.

கிளாக்கர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பேரேடு, பக்கத்தில் ஒரு டின் நிறைய வட்டமாக வெட்டிய தகரத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஆணியால் குத்திய நம்பர்.

தோட்டத்துத் துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னாலேயே அவருடைய இரண்டு பெரிய நாய்களும் ஓடிவந்தன. அவ்வளவுதான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பிவிட்டன. கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. "பிடி, பிடி" என்று கத்தியபடி பெண்கள் விழுந்து எழும்பினார்கள். துரையே தம் நாய் ஒன்றைக் காலால் எத்திப் பிரிக்க வேண்டியதாயிற்று. வரிசை திரும்பவும் நேராக அரை மணி நேரம் ஆனது.

அந்த வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ என் தங்கச்சிக்கு அடுத்த வீட்டு அங்கம்மா நின்றாள். அவள் கையிலிருந்த சணலின் மறுமுனையில் என் நாய்.

அதை என் நாய் என்று அன்றைக்கு யாராவது வாய் தவறிச் சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் அது உயிரோடு இருந்திருக்காது.

ஒரு காம்பிராவுக்கு ஒன்று

அந்தத் தோட்டத்தில் பிராணிகளுக்கு இருந்த சட்டம் மனிதர்களுக்கு இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

ஒரு காம்பிராவுக்கு, அதாவது லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் அறைக்கு, ஒரு பிராணி. மாடு வைத்திருந்தால் நாய் கிடையாது. நாய் வைத்திருந்தால் மாடு கிடையாது. மாட்டுப் பட்டி லயத்துக்குக் கீழே, தண்ணீர்ப் பீலிக்குத் தள்ளி இருக்க வேண்டும். ஆடு அறவே கூடாது. ஆடு தேயிலையைத் தின்னாதுதான். ஆனால் கவ்வாத்து வெட்டிய மலையில் புதுத் துளிர் வரும்போது ஏறி மிதித்து நாசம் பண்ணும் என்று துரைக்கு ஒரு பயம். பன்றி பேச்சே இல்லை. கோழிக்குக் கணக்கில்லை.

பூனைக்கு மட்டும் சட்டமே எழுதவில்லை. ஏன் என்று யாரோ கேட்டதற்கு, "பூனை யாருக்குச் சொந்தம்னு மொதல்ல நீ சொல்லு, அப்புறம் நான் எழுதறேன்" என்றாராம் கிளாக்கர்.

நாய்க்குத்தான் ஆகக் கெடுபிடி. அதற்குக் காரணமும் இருந்தது. முந்தின வருஷம் ஒரு வெறிநாய் தேயிலை மலைக்குள் புகுந்து கொழுந்தெடுத்த பெண்கள் மூன்று பேரைக் கடித்துவிட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். இரண்டு பேர் நடந்து திரும்பினார்கள். மூன்றாவது பெண் திரும்பவில்லை. அதனால் அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பேர் பதிந்த தொழிலாளியின் பேரில்தான் நாயைப் பதியலாம். வருஷத்துக்கு ஒருமுறை நாயை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினால் கழுத்துக்குத் தகரம். மறுநாள் வாச்சர் துவக்கோடு லயம் லயமாகப் போவார். தகரம் இல்லாத கழுத்து எதுவானாலும் சுடுவார்.

ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு மாதிரி. ஹட்டன் பக்கம் நான் கொஞ்ச காலம் இருந்த தோட்டத்தில் நாயே கூடாது. ஆனாலும் வைத்திருந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு லயத்துப் பக்கம் வருகிறார் என்று தெரிந்தால் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து நாயை மூடிவிடுவார்கள். ஒருநாள் கண்டாக்கு நின்று பேசிக்கொண்டிருக்கும்போது கூடை எழும்பி, வாசலைக் கடந்து, மெதுவாக அவருக்கு முன்னால் நடந்து போயிற்று. அவர் கூடையைப் பார்த்தார், வீட்டுக்காரனைப் பார்த்தார். "ஒங்க வீட்டுக் கூடை எங்கப்பா போகுது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர்.

வட்டவளையிலிருந்து

என் நாய் எனக்கு வட்டவளையில் கிடைத்தது. கிடைத்தது என்றால், மழைக்கு நான் ஒதுங்கிய விறகுக் கொட்டகையில் அது எனக்கு முன்பே ஒதுங்கியிருந்தது. வட்டவளை மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் விடவில்லை. என்னிடம் இருந்த ரொட்டியில் பாதியை அதற்குப் போட்டேன். அன்று முதல் என் பின்னால்தான்.

செம்பட்டை நிறம். ஒரு காது எழும்பியும் ஒரு காது மடிந்தும் இருக்கும். நான் அதற்குப் பேர் வைக்கவில்லை. எனக்கே நிலையாக ஒரு விலாசம் இல்லாதபோது நாய்க்குப் பேர் எதற்கு என்று நினைத்தேனோ என்னவோ. விசில் அடிப்பேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. எங்கிருந்தாலும் வந்துவிடும்.

விறகு வெட்டும் வேலை முடிந்ததும் கந்தப்பளையில் இருந்த தங்கச்சி பாக்கியத்திடம் போகலாம் என்று புறப்பட்டேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு ஓடிப்போனவன். எங்கே போனாலும் கடைசியில் பாக்கியம் வீட்டு முன் இஸ்தோப்பில் வந்து படுப்பது என் வழக்கம். ரயிலில் நாயை ஏற்ற விடவில்லை. பஸ்காரன் பார்த்த மாத்திரத்தில் மணியை அடித்துவிட்டான். ஆகவே நடந்தோம். ஹட்டன், தலவாக்கலை, நானு ஓயா, நுவரெலியா. மூன்று நாள். இரண்டாம் நாள் எனக்குக் காலில் கொப்புளம் வெடித்தது. மூன்றாம் நாள் அது நொண்டியது. ஒரு பாலத்தடியில் உட்கார்ந்து என் சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்து இரண்டு பேருக்கும் கட்டினேன்.

பாக்கியம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, முதலில் கேட்டது இதுதான்:

"அண்ணே, வருஷத்துக்கு ஒருக்கா வர்ற. வர்றப்ப புள்ளைகளுக்கு ஒரு பிஸ்கோத்துப் பொட்டலம் வாங்கியாந்தா என்னா? நாயத்தானா கூட்டியாரணும்?"

அவள் புருஷன் ராசு சிரித்தான். "விடு பாக்கியம். மச்சான் தனியா வந்தாத்தான் நமக்குப் பயம். இப்பத் தொணைக்கு ஆளிருக்கு."

அடுத்த வீட்டுக்காரிதான் அங்கம்மா. நாற்பது வயது இருக்கும். புருஷன் செத்துப்போய், ஒரே மகளையும் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். அவளுக்கு எட்டுக் கோழிகள். நாய் என்றால் அவளுக்கு ஆகாது. வந்த அன்றே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"இந்தா தம்பி, என் கோழிய ஒரு எறகு தொட்டுச்சு, விறகுக் கட்டையால மண்டையப் பொளந்துருவேன். நாய் மண்டையச் சொல்லல. ஒன் மண்டைய."

கட்டிக் கொடுத்தல்

நாய்ப் பெரட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பாக்கியம் வீட்டில் மாடு இருந்ததால் நாய்க்கு இடமில்லை. எனக்கோ தோட்டத்தில் பேரே இல்லை. பெரட்டு வரை தங்குவதற்கே கங்காணி ஆப்பீசில் கேட்டுத்தான் அனுமதி வாங்கித் தந்தார்.

சுப்பையாக் கங்காணி எங்கள் லயத்துக்குப் பொறுப்பு. மெலிந்த மனிதர். எப்போதும் கோட்டுப் போட்டிருப்பார். அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏப்பா, நீ ஒருத்தன் வந்ததே கூடுதல். இதுல நாலு காலு வேற. சரி, கட்டிக் குடுத்துர வேண்டியதுதான்."

எனக்குப் புரியவில்லை. ராசு விளக்கினான். லயத்தில் சில வீடுகளில் மாடும் இருக்காது, நாயும் இருக்காது. அந்த இடம் சும்மா கிடக்கும். இடம் இல்லாத வீட்டு நாயை அந்த வீட்டின் பேரில் பதிந்துவிடுவார்கள். இதற்குத்தான் கட்டிக் கொடுப்பது என்று பேர்.

ஆனால் சும்மா பேரை எழுதிக்கொண்டு வர முடியாது. கண்டாக்குக்குச் சந்தேகம் வந்தால் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி நாயைக் கூப்பிடச் சொல்வார். நாய் யாரிடம் போகிறதோ அவர்தான் சொந்தக்காரர். அதனால் ஒரு மாதம் முன்பே நாயைப் புது வீட்டில் விட்டுவிட வேண்டும். சோறு அங்கே, படுக்கை அங்கே. பழைய வீட்டுக்காரர் ஒரு பருக்கை போடக்கூடாது, தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. வந்து காலைச் சுற்றினால் விரட்ட வேண்டும்.

எங்கள் லயத்தில் அந்த வருஷம் இப்படி மூன்று நாய்கள். ஒன்று மாட்டிக்கொண்டால் மற்ற இரண்டையும் தோண்டிப் பார்ப்பார்கள். கங்காணி என்னிடம் இதை இரண்டு தடவை சொன்னார்.

சும்மா கிடந்த இடம் அங்கம்மாவுடையது ஒன்றுதான்.

"எம் பேருல கழுதைய வேணா எழுதிக்கங்க. நாய் வேணாம்" என்றாள் அவள்.

"நீ வளக்க வேணாம்மா. பெரட்டு முடியிற மட்டும் வச்சிரு."

"எங் கோழிக்கு யாரு பொறுப்பு?"

"நாந்தான்" என்றேன்.

"நீயா? நீ நாளைக்கு எங்க இருப்பேன்னு ஒனக்கே தெரியாது."

கடைசியில் பாக்கியம் தினமும் ஒரு செம்பு பால் தருவதாகச் சொன்ன பிறகு சரி என்றாள். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

முதல் வாரத்திலேயே நாய் ஒரு கோழியைப் பிடித்துவிட்டது. அங்கம்மா அகப்பைக் காம்பால் அதை அடித்த அடி இரண்டு காம்பிரா தள்ளிக் கேட்டது. செத்த கோழியைக் கொண்டுவந்து எங்கள் இஸ்தோப்பில் எறிந்தாள். "கொழம்பு வச்சுத் தின்னுங்க எல்லாரும்" என்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், மலைக்குப் போகும் அவசரத்தில் நின்று ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் படாத பக்கமாகப் பார்த்து அதற்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தின்னு சனியனே. பாத்துக்கிட்டு நிக்கிது பாரு. தின்னு."

அவள் வாயில் அதற்கு அதுதான் பேர். சனியனே இங்க வா, சனியனே அங்க போ. கோழிகளைப் பட்டியில் அடைக்கும்போது, "எண்ணிக்க சனியனே, ஏழு இருக்கு. நாளைக்கும் ஏழு இருக்கணும்" என்பாள். நாய் மடிந்த காதையும் தூக்கிக்கொண்டு கேட்கும்.

எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. முதல் நாட்களில் அது தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து முனகும். நான் இந்தப் பக்கம் கம்பளியை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வேன். பகலில் வந்து என் காலில் மூஞ்சியை வைக்கும். லயமே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். எத்துவேன். ஒருநாள் கொஞ்சம் பலமாகவே பட்டுவிட்டது. அதன்பிறகு வரவில்லை.

பட்டினி கிடந்திருக்கிறேன், அடி வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் வந்தது, போனது. அந்த ஒரு உதை மட்டும் என் கால்விரலில் இன்னும் இருக்கிறது.

விசில்

பெரட்டுக்கு முந்தின நாள் கங்காணி என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் களத்துப் பக்கம் வராம இருந்தா நல்லது. வந்துட்ட, கண்டாக்கு விசிலடிக்கச் சொன்னாருன்னு வையி. வாயக் குவிச்சுக் காத்த மட்டும் விடு. சத்தம் வரக்கூடாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

விளங்கியது. ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை.

அங்கம்மாவின் முறை வந்தது. கிளாக்கர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எத்தனாம் நம்பர்?"

"ஆறாம் லயம், நாலாம் காம்பிராங்க."

"நாய் பேரு?"

அங்கம்மா இதை எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "சனியன்ங்க" என்றாள்.

களம் முழுக்கச் சிரிப்பு. கிளாக்கர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். துரை குனிந்து நாயைப் பார்த்தார். "நல்ல நாய். கடிக்குமா?"

"தொரைமாரக் கடிக்காதுங்க."

துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தகரத்தை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். அந்த நேரம் பார்த்துக் கண்டாக்கு முன்னால் வந்தார்.

"கொஞ்சம் இருங்க. இது அந்த வட்டவளைக்காரன் பின்னால திரிஞ்ச நாயில்ல? எங்க அவன்?"

கூட்டம் விலகியது. நான் நடுவில் நின்றேன்.

"ஒன் நாயா?"

"இல்லீங்க ஐயா."

"ரோட்டுல விசிலடிச்சு நீ கூப்பிடுறத நான் பாத்திருக்கேன். இப்ப அடி." அங்கம்மா பக்கம் திரும்பினார். "நீ கயித்த விடு."

அங்கம்மா கயிற்றைக் கீழே போட்டாள். எங்களுக்கு நடுவில் இருபது அடி இருக்கும். வாச்சர் ஆப்பீஸ் வாசலில் துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காற்றை மட்டும் விடுவதாகத்தான் வாயைக் குவித்தேன். அப்போது நாய் என்னைப் பார்க்கவில்லை. அங்கம்மாவின் சேலை முந்தியை மோந்துகொண்டிருந்தது. எனக்கு என்னமோ செய்தது. மூன்று நாள் என்னோடு நடந்த நாய். அதற்கு என்னை இன்னும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதன் உயிரும் இன்னும் இரண்டு நாய்களின் உயிரும் என் உதட்டில் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விசில் அடித்தேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் விசில் அடித்ததில்லை.

நாய் சட்டென்று திரும்பியது. இரண்டு காதும் எழும்பிவிட்டன. என்னை நோக்கி நாலு எட்டு வைத்தது.

பாக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"எங்கடா போற சனியனே?" அங்கம்மாவின் குரல். கத்தவில்லை. பட்டியை அடைக்கும்போது பேசுவாளே, அந்தக் குரல். "வாடா இங்க."

நாய் நின்றது. என்னைப் பார்த்தது. வால் ஒருதரம் ஆடியது. பிறகு திரும்பிப் போய் அவள் காலடியில் படுத்து, மூஞ்சியை அவள் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டது.

கண்டாக்கு கிளாக்கர் பக்கம் திரும்பினார். "சரி, தகரத்தக் கட்டு" என்றார்.

லயத்துக்குத் திரும்பும் வழியில் கங்காணி எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பீலிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"என்னா காரியம் பண்ணப் பாத்த?"

"தெரியாம வந்திருச்சுங்க."

"வாய் தெரியாம விசிலடிக்காதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் துவக்குச் சத்தம் கீழ்ப் பிரிவில் இருந்து கேட்க ஆரம்பித்தது. எங்கள் லயத்தில் வாச்சர் நிற்கக்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து நான் ராகலைப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பினேன். "நாயக் கேளுண்ணே. அதான் பெரட்டு முடிஞ்சிருச்சே" என்றாள் பாக்கியம். அங்கம்மா வாசலில் போய் நின்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போறதுன்னா போ தம்பி. தகரத்தக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. ஆப்பீசுல திருப்பிக் குடுக்கணும்."

அவள் கை ரொட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தது. தட்டி முடித்த ரொட்டியையே தட்டிக்கொண்டிருந்தது. நாய் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தபடி என்னைப் பார்த்தது, எழும்பவில்லை.

தகரத்தைக் கழற்றினால் ராகலை வரைக்கும் எத்தனை தோட்டம், எத்தனை வாச்சர். கழற்றாவிட்டால் அது இந்தத் தோட்டத்து நாய்.

"இருக்கட்டும்க்கா" என்றேன்.

ராகலை பஸ்

அதன்பின் அந்தப் பக்கம் போக ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. இடையில் பதுளை, மாத்தளை, கொஞ்ச காலம் கொழும்பு. அதெல்லாம் வேறு கதை. ராகலையிலிருந்து வந்த ஒரு பஸ்ஸில் ஏறி, இந்த முறை பிள்ளைகளுக்குப் பிஸ்கோத்துப் பொட்டலத்தோடு இறங்கினேன். பிள்ளைகள் பிஸ்கோத்துத் தின்னும் வயதைத் தாண்டியிருக்கும் என்று ஏறும் வழியில்தான் உறைத்தது.

லயத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். சாயங்கால வேளை, அடுப்புப் புகை கூரைக்குமேல் எழும்பாமல் அப்படியே தங்கி நின்றது. எனக்கு அந்தப் புகையும் தேத்தண்ணி வாடையும் போதும், எந்தத் தோட்டமானாலும் ஊர் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

நாலாம் காம்பிரா வாசலில் இருந்து ஒரு நாய் எழும்பியது. மூஞ்சியெல்லாம் நரைத்திருந்தது. ஒரு காது மடிந்து, ஒரு காது எழும்பி. கழுத்தில் புதுத் தகரம்.

அது என்னைப் பார்த்துக் குரைத்தது. சாதாரணக் குரைப்பு இல்லை. முன்னங்கால்களை அகட்டி வைத்து, பல்லைக் காட்டி, இன்னும் ஒரு எட்டு எடுத்து வைத்தால் கடிப்பேன் என்று குரைத்தது. அதற்குப் பின்னால் நாலைந்து கோழிகள் பேசாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

அங்கம்மா கையில் அகப்பையோடு வெளியே வந்தாள். என்னை அடையாளம் தெரிய அவளுக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும் பதறிப்போனாள்.

"ஐயோ, டேய் சனியனே, சும்மா இருடா! யாருன்னு பாருடா, ஒன்னக் கொண்டாந்த ஆளுடா!" என்னைப் பார்த்து, "தம்பி, ஒரு விசிலடிச்சுப் பாருங்க. வயசாயிருச்சு, கண்ணு சரியாத் தெரியல. விசிலக் கேட்டா நெனவு வந்துரும்" என்றாள்.

வாய் தானாகக் குவிந்தது. அவள் அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாய் அவளுக்கும் எனக்கும் நடுவில் நின்று, தொண்டை கம்மக் கம்மக் குரைத்துக்கொண்டிருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"குரைக்கட்டும் விடுங்கக்கா" என்றேன்.